மூன்றுக்கு மேல்

ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று.
திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில்
கடைசிப் பாசஞ்சரும் போய்விட்டது.
கிட்டில் ஒரே ஒரு டெஸ்ட் மிச்சம்,
இன்றிரவோடு காலாவதி.

இடக்கையில் ரப்பரை இறுக்கி
ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு
வலக்கையால் நானே குத்தினேன்.
பதினெட்டு வருஷம் ஊரார் கையில் நரம்பு தேடியவளுக்குத்
தன் நரம்பு உடனே கிடைத்தது.

கொழுப்பு நூற்று அறுபத்தெட்டு. சர்க்கரை சரி.
பிரஷர் போன வாரம் வேதவல்லி சிஸ்டர் பார்த்தது, அதுவும் சரி.
சி.ஆர்.பி. மட்டும்
ஐந்து புள்ளி எட்டு.

ஒன்றுக்குக் கீழே என்றால் நிம்மதி.
மூன்றுக்கு மேலே என்றால் இதயத்தைக் கவனி.
பத்தைத் தாண்டினால் அவசரப்படாதே,
காய்ச்சலோ சீழோ ஏதோ ஒன்று,
தணிந்தபின் மறுபடி எடு.
தினம் நான் அடித்துக் கொடுக்கும் தாளின் அடியில்
பொடி எழுத்தில் இருப்பதுதான்.
இன்றைக்குத்தான் கண்ணாடி போட்டு வாசித்தேன்.

அழல் என்றால் தீ.
அழற்சி என்றால்
தீ பிடித்ததும் தெரியாமல், அணைந்ததும் தெரியாமல்
முந்திரித் தோட்டுக் குவியலுக்குள் கனிகிற மாதிரி ஒன்று.
கல்லீரலுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.
எரிகிறது என்று ரத்தத்தில் எழுதிப் போடுகிறது.
எங்கே என்று எழுதுவதில்லை.

சிப்காட் பக்கம் குடியிருந்தால் இது புரியும்.
ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நாற்றம் வரும்,
ஒருநாள் அழுகின கோஸ், ஒருநாள் நகப்பூச்சு.
போன் போட்டால் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள்.
நாற்றத்தில் போர்டா மாட்டியிருக்கிறது?
விடிந்து ஜீப் வரும்போது காற்று திரும்பியிருக்கும்.
கையில் ஒரு புகார் எண்,
தொண்டையில் ஒரு கரகரப்பு.

எதுவாக இருக்கும்?
ஆறு மாதமாகத் துப்பும்போது சிவக்கும் கீழ் ஈறா,
மூன்று மணி நேரத் தூக்கமா,
இடுப்பைச் சுற்றி ஏறிய இந்தப் பதினோரு கிலோவா,
குடிகாட்டில் இழுத்துவிட்ட மூச்சு முழுக்கவுமா?
அண்ணன் அடகு வைத்த என் வளையல்
மூழ்கிப்போனது நினைவு வரும்போதெல்லாம்
பற்றிக்கொள்கிறதே, அதுவா?
வயிற்றெரிச்சலுக்கு இன்னும் கிட் வரவில்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே
ஒன்றைச் சொல்லாமல் தள்ளிப்போடுகிறேன்.

ஃப்ரீசரில் மூன்றாவது தட்டில் ஒரு ட்யூப் இருக்கிறது.
தேவநாதன், முப்பத்தெட்டு, ஆண்.
பாய்லர் ஆபரேட்டர்.
"அறுநூறு ரூபா ஜாஸ்தியா? அது வேணாம் மேடம்,
சாதா டெஸ்ட் மட்டும் போடுங்க" என்றான்.
எல்லாம் நார்மல்.
"சாதா ஆளுக்குச் சாதா ரிப்போர்ட்டு" என்று சிரித்து
நான் மடித்துக் கொடுத்த தாளைச் சட்டைப்பையில் வைத்தான்.
பதினொன்றாம் நாள்
மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரம்
பைக்கை ஸ்டாண்ட் போட்டவன்
அதன் மேலேயே சாய்ந்தானாம்.

முதலில் அவன் ட்யூபைத்தான் எடுத்தேன்.
உள்ளங்கையில் வைத்து உருக்கினேன்.
ஆறோ ஏழோ வந்தால்
அவன் பெண்டாட்டியிடம் போய்ச் சொல்வதா?
அரை வந்தால்
நான் நிம்மதியாகத் தூங்குவதா?
இந்த எண் ஆபத்தைச் சொல்லும்,
தேதியைச் சொல்லாது.
எந்த எண்ணும்
அறுநூறு ரூபாயைத் திருப்பித் தராது.

ட்யூபைத் திரும்ப வைத்தேன்.
பிறகுதான் ரப்பரைத் தேடினேன்.

மெஷின் பெயர் கேட்டது.
கன்ட்ரோல் என்று அடித்தேன்.
பயந்தால் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் அடிப்போம்.

இரண்டு வாரம் கழித்துப் புதுக் கிட் வரும்.
நாட்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறேன்,
பக்கத்தில் பல் டாக்டர் நம்பர்.
ஷட்டரை முழுதும் இறக்கும்போது
தெற்கிலிருந்து லேசாக வந்தது,
இன்றைக்கு நகப்பூச்சு.
பூட்டை மாட்டும்வரை
மூச்சைப் பிடித்துப் பார்த்தேன்.